ராயபுரத்தின் முதல்

1856 ஜூலை 1 அன்று தென்னகத்தின் முதல் பயணிகள் ரயில் நம் ராயபுரத்திலிருந்தே வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அதற்கு முன்பே ரயில் கண்ட பம்பாய், ஹவுராவின் முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. உயர்ந்த தூண்களுடன் நிற்கும் நம் நிலையமே நாட்டில் எஞ்சியுள்ள மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம். 1873-ல் சென்ட்ரல் வந்தபின் மவுசு குறைந்தது, 2005-ல் புதுப்பிக்கப்பட்டது.

இதைப் பெரிய முனையமாக்க வேண்டும் என்பது நெடுநாளைய கோரிக்கை. நாமும் ஆதரிக்கிறோம், ரயில் கூடினால் வியாபாரம் கூடும். ஆனால் புதிய மேடைகளுக்காகப் பழைய கட்டடத்தில் கை வைக்கக் கூடாது. முதலைத் தொலைத்து லாபம் தேடுவது வணிகமாகாது. இக்கட்டடம் நம் ஊரின் முதல். அதைக் காக்கக் குரல் கொடுப்பது நம் கடமை.