வாசல் காத்த உயிர்

மகாபாரதத்தின் 18 பருவங்களுள் 17-ஆவதாக அமைந்திருப்பது மகாபிரஸ்தானிக பர்வம். அரசைத் துறந்து வடதிசை நோக்கிப் புறப்பட்ட பாண்டவர்களையும் திரௌபதியையும் ஒரு நாய் பின்தொடர்ந்து சென்றது. வழியில் முதலில் திரௌபதி வீழ்ந்தாள். பின்னர் சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன் என ஒவ்வொருவராக வீழ்ந்தனர். இறுதியில் தருமபுத்திரரும் அந்த நாயும் மட்டுமே எஞ்சினர். தேருடன் எதிரே வந்த இந்திரன், நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறுமாறு அழைத்தான். தருமர் மறுத்துவிட்டார்.

இக்கதையைக் கேளாத ஆன்மிக அன்பர்கள் இல்லை. ஆயினும், இந்திரன் அங்கே எடுத்துவைத்த வாதத்தைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். அது ஆசாரத்தைப் பற்றியது. நாயுடன் வாழ்வோர்க்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்றும், அவர்கள் செய்த வேள்விகளின் பயனைக் குரோதவசர்கள் கவர்ந்து சென்றுவிடுவர் என்றும் இந்திரன் எச்சரித்தான். தருமர் அவ்விதியை மறுத்து வாதாடவில்லை. தன்னை நம்பி அன்புடன் வந்த உயிரைக் கைவிடுதல் பெரும் பாவம், சொர்க்கமே கிடைப்பதாயினும் அதைச் செய்ய இயலாது என்பதே அவர் தந்த மறுமொழியின் சாரம். அக்கணமே நாயின் உருவில் வந்தவர் தருமதேவதை என்பது வெளிப்பட்டது.

அதே கேள்வி இன்று பல இல்லங்களில், பூஜை அறையின் நிலைப்படி அருகே எழுகிறது.

ஒரு வீட்டை மனத்தில் கொள்ளலாம். 12 ஆண்டுகளுக்கு முன் குட்டியாக வந்து சேர்ந்த வெள்ளை நிற ஸ்பிட்ஸ் நாய், பெயர் மணி. வீட்டுப் பெரியவர் விடியற்காலையில் கோயிலுக்குப் புறப்பட்டால் தெருமுனை வரை உடன் சென்று, அவர் திரும்பும் வரை வாசற்படியிலேயே காத்திருப்பது அதன் வழக்கம். சில மாதங்களாக அதன் போக்கு மாறிற்று. எத்தனை முறை கிண்ணத்தை நிரப்பினாலும் குடித்துத் தீர்த்தது. இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழித்தது. ஒருபோதும் அடுக்களைக்குள் நுழையாத பிராணி, மூடிவைத்த பாத்திரத்தை உருட்டியது. வயிறு பானைபோல் தொங்கிற்று. இரு விலாப்புறங்களிலும் முடி உதிர்ந்தது. ஓடாமல் படுத்திருக்கும்போதும் இளைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை பூஜை அறை வாசலையே நனைத்துவிட்டது.

“பன்னிரண்டு வருஷமாக இல்லாத பழக்கம் இப்போது எங்கிருந்து வந்தது? கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுங்கள்” என்று பெரியவர் சினந்தார்.

“கொஞ்சம் பொறுங்கள் மாமா. டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம்” என்றாள் மருமகள்.

கூடத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த பாட்டி நிமிராமலே சொன்னார்: “ராத்திரியில் உங்களுக்கும் எனக்கும் எத்தனை முறை விழிப்பு வருகிறது? நம்மை யாரும் எங்கும் கொண்டுபோய் விடவில்லையே.”

மருத்துவர் கண்டறிந்த நோயின் பெயர் குஷிங். ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் 1912-ஆம் ஆண்டில் மனிதரிடம் இதனை விவரித்தார். அவர் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது. சிறுநீரகங்களை ஒட்டி அமைந்த அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அளவோடு இருந்தால் அது உடலைக் காக்கும். அளவு மீறி நெடுநாள் சுரந்தால் உடலைக் கரைக்கும். நோயுற்ற நாய்களுள் 100-க்கு ஏறத்தாழ 80 முதல் 85 நாய்களுக்கு, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் சிறு கட்டியே காரணம். எஞ்சியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அட்ரினல் சுரப்பியிலேயே கட்டி இருக்கும். அரிப்புக்கென்று ஸ்டீராய்டு மருந்துகளை மாதக்கணக்கில் கொடுப்பதாலும் இதே நிலை வரலாம். அவ்வாறாயின் அம்மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து; மருத்துவர் சொற்படி சிறுகச் சிறுகவே குறைக்க வேண்டும்.

பெரும்பாலும் நடுவயதைக் கடந்த நாய்களுக்கே இந்நோய் வருகிறது. அதனாலேயே, “வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று பலர் வாளாவிருந்துவிடுகின்றனர். உண்மையில் அந்த நாய் பழக்கம் கெட்டுப்போகவில்லை, பேராசையும் கொள்ளவில்லை. உடலில் மிகுந்துவிட்ட கார்டிசால் அதைத் தண்ணீரை நோக்கியும் உணவை நோக்கியும் துரத்துகிறது. குடித்த நீர் வெளியேறத்தானே வேண்டும்? இந்நோய் மனிதருக்கோ மற்றப் பிராணிகளுக்கோ தொற்றுவதுமில்லை.

ஐயம் தோன்றினால் வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. காலையில் அளந்து ஊற்றிய தண்ணீரில் மறுநாள் காலை மிஞ்சியிருப்பதைக் கழித்துப் பார்க்கலாம். 10 கிலோ எடையுள்ள நாய் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் அது இயல்பன்று. சர்க்கரை நோயிலும் சிறுநீரக நோயிலும் இவ்வாறு நேரும் என்பதால், எந்த நோய் என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்படும். டெக்ஸாமெதசோன் ஊசி போட்டு, எட்டு மணி நேரத்துக்குள் குறித்த வேளைகளில் இரத்தம் எடுத்துப் பார்க்கும் சோதனையும், வயிற்று ஸ்கேனும் தேவைப்படலாம். சென்னையில் 1903 முதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வேப்பேரி மருத்துவமனை பலரும் அறிந்ததே. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

நோய் பெரும்பாலும் முற்றிலும் நீங்குவதில்லை. ஆனால் கட்டுக்குள் நிற்கும். பெரிதும் வழங்கப்படும் மருந்து டிரைலோஸ்டேன். நாள்தோறும் ஒரு வேளையோ இரு வேளையோ, உணவுடன் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஆகவே ஏகாதசி, கிருத்திகை விரதங்கள் வீட்டாரோடு நிற்கட்டும்; நாய்க்கு அன்றும் உணவு உண்டு. தொடங்கிய 10 முதல் 14 நாட்களுக்குள் ஒரு முறையும், நான்கு வாரத்திலும் 12 வாரத்திலும், அதன்பின் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும் இரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம். மருந்து மிகுந்துவிட்டால் கார்டிசால் அளவுக்குக் கீழே இறங்கிவிடும். நாய் உண்ண மறுத்தாலோ, வாந்தி, பேதி, தள்ளாட்டம் கண்டாலோ, அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் அன்றே மருத்துவரை அணுக வேண்டும். கருவுற்ற பெண்கள் இம்மருந்தைக் கையாளக் கூடாது.

அதிகம் குடிக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பது பெரும் பிழை. குடிக்காவிட்டாலும் சிறுநீர் போய்க்கொண்டே இருக்கும், உடல் வறண்டுவிடும். கிண்ணம் எப்போதும் நிறைந்தே இருக்கட்டும். படுக்குமுன் ஒரு முறையும், விடியுமுன் ஒரு முறையும் வெளியே அழைத்துச் சென்றால் வீடு நனைவது வெகுவாகக் குறையும். தசைகள் மெலிந்திருப்பதால் வழவழப்பான தரையில் கால் வழுக்கும். பழைய சாக்கையோ மிதியடியையோ விரித்து வைக்கலாம். தோல் மெல்லியதாகி, சிறு காயமும் எளிதில் ஆறாது. சிறுநீரில் நோய்த்தொற்று அடிக்கடி வரும். ஆதலால் முக்கி முக்கிச் சிறுநீர் கழித்தாலோ, அதில் இரத்தம் கண்டாலோ தாமதிக்கலாகாது.

கோயிலுக்குச் செல்லும் குடும்பங்கள் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டியது பிரசாத விஷயம். சர்க்கரைப் பொங்கலிலும் லட்டுவிலும் உள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யவல்லது. வெங்காயமும் பூண்டும் அதன் இரத்த அணுக்களைச் சிதைக்கும். நெய் மிகுந்த பண்டங்கள் கணையத்தைப் புண்ணாக்கும். குஷிங் நோயுற்ற நாயோ கண்டதையெல்லாம் கேட்டு நிற்கும். மறுக்க மனம் வராதவர்கள், மருத்துவர் வகுத்த உணவிலேயே ஒரு கைப்பிடியை எடுத்துவைத்து, அவ்வேளையில் கொடுக்கலாம். தேய்பிறை அஷ்டமியில் பைரவரை வணங்கி நாய்களுக்கு உணவிடும் அன்பர்களுக்கும் இது பொருந்தும். பைரவரின் வாகனத்துக்கு இடுவது அதன் உடலுக்கு ஒவ்வாததாக இருக்கலாகாது.

இனி ஆசாரம். பூஜை அறையின் தூய்மையைக் காப்பதில் தவறேதும் இல்லை. வாயிலில் ஒரு சிறு தடுப்புக் கதவு அமைத்து, நாயின் இடத்தைக் காற்றோட்டமுள்ள வேறு மூலையில் ஒதுக்கி, நனைந்த இடத்தை உடனே கழுவித் துடைத்துவிட்டால் பூஜையும் தடைப்படாது, பிராணியும் துன்புறாது. தூய்மைக்குத் தண்ணீரும் துடைப்பமும் போதும். ஓர் உயிரை வெளியேற்றித்தான் தூய்மை காக்க வேண்டும் என்பதில்லை.

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குச் சென்றவர்கள் அங்கே நான்கு சிறு சமாதிகளைக் கண்டிருப்பார்கள். 1948 ஜூன் 18 அன்று மறைந்த லட்சுமி என்ற பசு, ஒரு மான், ஒரு காகம், ஜாக்கி என்ற நாய் ஆகியவற்றின் சமாதிகள் அவை. பகவான் ரமணர் விலங்குகளை “அது” என்று சொல்லாமல் “அவன்”, “அவள்” என்றே குறிப்பிடுவார். ஜாக்கி நோயுற்றபோது மெத்தென்ற படுக்கை அமைத்து, கடைசி வரை உடனிருந்து கவனித்தார். முற்றும் துறந்த ஞானிக்கு அந்தப் பணிவிடை இழுக்காகத் தோன்றவில்லை.

மருந்து தொடங்கிய சில வாரங்களில் மணியின் தாகம் தணிந்தது. இரவில் எழுவதும் குறைந்தது. உதிர்ந்த முடி வளரப் பல மாதங்கள் ஆகும் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். அந்த வீட்டுப் பெரியவர், கோயில் திருப்பணிக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் தண்ணீர் அளவு, மருந்து கொடுத்த நேரம், நாயின் எடை ஆகியவற்றைத் தம் கையாலேயே குறித்து வருகிறார். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அந்த நோட்டே மருத்துவருக்கு முதல் துணையாகிறது.

எல்லா வீடுகளிலும் இவ்வளவு நலமாக முடிவதில்லை. கட்டி பெரிதாகி நாய் சோர்ந்து சுருளலாம். சர்க்கரை நோயும் உடன் சேரலாம். பரிசோதனைச் செலவைத் தாங்க இயலாத குடும்பங்களும் உண்டு. அந்நிலையை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொன்னால், இயன்ற அளவில் வேதனையைக் குறைக்கும் வழியை அவர் காட்டுவார். எது இயலாவிட்டாலும், தெருவில் விட்டுவருவது மட்டும் ஒரு வழியாகாது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி பிராணியைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். 12 ஆண்டுகள் ஒரே வாசலை அறிந்த நாய்க்கு வேறு தெருவில் பிழைக்கும் வழி தெரியாது. அங்கும் அது யாரோ திரும்பி வருவார் என்று காத்துக்கொண்டுதான் இருக்கும்.

முதுமை என்பது உடல் தன் சொல் கேளாமற்போகும் காலம். அதை அறிந்தவர்கள் வீட்டுப் பெரியவர்களே. ஆகையால் முதிர்ந்த பிராணியின் பக்கம் நின்று பேசும் தகுதியும் அவர்களுக்கே மிகுதி. இன்றிரவு விளக்கை அணைக்குமுன் அதன் தண்ணீர்க் கிண்ணம் நிறைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் படுப்பது, அன்றைய வழிபாட்டின் நிறைவுப் பகுதியாக அமையட்டும்.