ஒலிக்காத கருவி காவலாகுமா?

1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் நடந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் பலியாயின. இத்தகைய கொடுமைகளே கடை வாசல் வரை மெட்டல் டிடெக்டரைக் கொண்டு வந்தன. ஆனால் கருவியை வாங்கியதோடு பேட்டரியை மறந்துவிடும் கடைகளும் உண்டு.

கைக்கருவிகள் பலவும் 9 வோல்ட் பேட்டரியில் இயங்குபவை. அந்த மின்சாரம் உள்ளிருக்கும் கம்பிச்சுருளில் பாய்ந்து காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. உலோகம் அருகே வந்தால் புலம் மாறும், கருவி ஒலிக்கும். பேட்டரி தீர்ந்தால் காவலாளியின் கை மட்டுமே அசையும். வாடிக்கையாளரோ பாதுகாப்பு இருப்பதாக நம்பி உள்ளே வருவார். இது எடை குறைத்து நிறுப்பதற்கு ஒப்பானது என்பதே நம் கருத்து.

கடை திறந்ததும் முதலாளியே சாவிக்கொத்தைக் காட்டிச் சோதிக்க வேண்டும். கல்லாவில் மாற்றுப் பேட்டரி இருக்கட்டும். இரவில் சுவிட்சை அணைக்கவும். பல நாள் பயன்படுத்தாவிட்டால் பேட்டரியைக் கழற்றி வைக்கவும். ஒழுகினால் முனைகள் அரித்துவிடும். உலோகம் இல்லாத பொருளைக் கருவி காட்டாது; ஆகவே பைகளைத் திறந்து பார்ப்பதும் அவசியம்.

தீபாவளி நெரிசலில் பட்டுக்கோட்டைக் கடைவீதிக்குச் சுற்றுக் கிராமத்து மக்கள் நம்மை நம்பியே வருகிறார்கள். பேட்டரிச் செலவு கடையின் ஒரு நாள் டீச்செலவைத் தாண்டாது. வணிகப் பெருமக்கள் சிந்திப்பார்களாக!