டிக்கட் எவ்வளவு என்று கேட்டோம், எங்கே இறக்கும் என்று கேட்டோமா?



லீவு நெருங்குகிறது. ஊர் வட்ஸ்அப் குறூப்புகளில் ‘உம்றாவோடு இஸ்தான்பூல்’ போஸ்டர்கள் வரத் தொடங்கிவிட்டன. நீலப் பள்ளிவாசல் படம், ஒரு கப்பல் படம், பெரிய எழுத்தில் ஒரு விலை, கீழே ‘சில இடங்களே உள்ளன’. யாருடைய பிழைப்பிலும் மண் போட இதை எழுதவில்லை. ஆனால் போன வருடம் உம்மாவையும் கூட்டிக்கொண்டு அப்படியொரு பக்கேஜில் போய் வந்தவன் நான். சொல்லாமல் இருந்தால் அது தவறு.

ஒரு வேனை வாங்குவதற்கு நாலு பேரைக் கூட்டிப்போய் எஞ்சினைப் பார்க்கிறோம். பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்த்தால் மூன்று ஊரில் விசாரிக்கிறோம். பத்து வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில், வாழ்க்கையில் ஒரே தடவை போகிற பயணத்துக்கு மட்டும் ஒரே ஒரு கேள்வி: “எவ்வளவு?” எங்கள் குறூப்பில் முப்பது பேர். முப்பது பேரும் அதைத்தான் கேட்டோம். நானும்தான்.

இஸ்தான்பூல் இரண்டு கண்டங்களில் கிடக்கிற நகரம். நடுவில் பொஸ்பரஸ் கடல். அதற்கு இரண்டு விமான நிலையங்கள். ஒன்று ஐரோப்பியப் பக்கம், கருங்கடல் ஓரமாக உள்ள புதிய இஸ்தான்பூல் விமான நிலையம். 2018 ஒக்டோபரில் திறந்து, 2019 ஏப்ரலில் பழைய அத்தாதுர்க் நிலையத்தின் பயணிகள் சேவையெல்லாம் அங்கே மாறின. மற்றது ஆசியப் பக்கத்தில் 2001 முதல் இயங்கும் சபீஹா கொக்சென். டிக்கட்டில் இரண்டுக்கும் ‘இஸ்தான்பூல்’ என்றுதான் இருக்கும். பக்கத்தில் உள்ள மூன்று எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும்: ஐ.எஸ்.டி. என்றால் புதியது, எஸ்.ஏ.டபிள்யூ. என்றால் சபீஹா.

எங்களை சபீஹாவில் இறக்கினார்கள். வளைகுடா வழியாக வரும் மலிவு விமானம், இரவு ஒன்றரை மணி. அம்பாறையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு எட்டு மணித்தியாலம் வேனில் வந்து, அதற்குப் பிறகு இரண்டு விமானம் ஏறி இறங்கிய உம்மா, முழங்கால் வலியோடு விமான நிலையக் கதிரையில் இருந்தார். இன்னொரு குறூப்பும் வரும்வரை பஸ் எடுக்க மாட்டோம் என்றார்கள். சுபஹை அங்கேயே தொழுதோம். ஹோட்டலோ கடலுக்கு அந்தப் பக்கம், சுல்தான் அஹ்மதில். போய்ச் சேர்ந்ததும் பையை வைத்துவிட்டு ‘முதலாம் நாள் நகரச் சுற்றுலா’ என்று அதே பஸ்ஸில் ஏற்றினார்கள். ஜன்னலுக்கு வெளியே நகரம் போனது, உள்ளே முப்பது பேரும் நித்திரை. டிக்கட்டில் மிச்சம் பிடித்த காசுக்கு நாங்கள் கொடுத்த விலை ஒரு முழு நாள்.

சபீஹா கெட்ட விமான நிலையம் என்று நான் சொல்லவில்லை. பழைய நகரத்துக்கு இரண்டு நிலையமும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். பகலில் இறங்கி, உஸ்குதாரிலோ கதிக்கொயிலோ தங்குபவருக்கு சபீஹாதான் நல்லது. 2022 ஒக்டோபர் முதல் அங்கிருந்து எம்4 மெட்ரோ ஓடுகிறது. அய்ரிலிக் செஷ்மெசியில் மாறினால் கடலுக்கு அடியில் போகும் மர்மராய் ரயில் சிர்கெசியில் கொண்டுபோய் விடும். புதிய நிலையத்திலிருந்து எம்11 மெட்ரோவில் கய்ரெத்தெப்பே போய், எம்2 இல் மாறி வெஸ்னெசிலரில் இறங்கினால் சுலைமானியாப் பள்ளி நடை தூரம். ஆனால் வாரநாட்களில் நள்ளிரவோடு மெட்ரோ நின்றுவிடும். ஆகவே எந்த நிலையம் என்பதை விலை மட்டும் தீர்மானிக்கக் கூடாது. எங்கே தங்குகிறோம், எத்தனை மணிக்கு இறங்குகிறோம், கூட வருபவரின் வயது என்ன என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கணக்கை நமக்காக வேறு யாரும் போட மாட்டார்கள்.

சரி, மற்ற நாட்கள்? ஞாயிற்றுக்கிழமை பெரிய பஸாருக்குக் கூட்டிப் போனார்கள். பெரிய பஸார் ஞாயிறு பூட்டு. செவ்வாய்க்கிழமை தொப்காப்பி மாளிகைக்குப் போனோம். ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் போர்வை என்று பாதுகாக்கப்படுவது உட்பட புனிதப் பொருட்கள் இருக்கிற இடம். உம்மா அதற்காகவே வந்தவர். தொப்காப்பி செவ்வாய் பூட்டு. இது இரகசியமான விஷயம் அல்ல, ஒரு நிமிடம் தேடினால் தெரியும். நாளை மாற்றிப் போட்டிருந்தால் போதும். யாரும் தேடவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை லெதர் கடைக்கும் கம்பளக் கடைக்கும் இனிப்புக் கடைக்கும் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அவை பூட்டியிருக்கவில்லை.

அயா சோபியாவில் ஆளுக்கு 25 யூரோ வாங்கினார்கள். 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் மேல் மாடத்தைப் பார்ப்பதற்கான கட்டணம் அது. 2020 இல் அது மீண்டும் பள்ளிவாசலானது. தொழ வருபவருக்குக் கீழ்த்தளத்தில் கட்டணம் இல்லை என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ளுஹர் நேரத்தில் காசு கொடுத்து மேலே நின்று, கீழே தொழுகிறவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஐயூப் சுல்தானில் இருபது நிமிடம். மதீனாவுக்கு வந்த நபியவர்களைத் தன் வீட்டில் தங்கவைத்த அபூ ஐயூப் அல்-அன்சாரி (ரழி) அவர்கள், முதிய வயதில் இந்த நகரத்தின் மதில் வரை வந்து வபாத்தானவர். அவருடைய வரலாற்றை பஸ்ஸில் யாரும் சொல்லவில்லை. இறங்கினோம், ஸலாம் சொன்னோம், செல்பி எடுத்தோம், ஏறினோம்.

இனி என் சொந்தக் குற்றம். தொப்காப்பி பூட்டியிருந்த அன்று, பக்கத்தில் உள்ள குல்ஹானே பூங்காவின் மதில் ஓரமாக நடந்து திரும்பினோம். அந்தப் பூங்காவுக்குள்தான் 2008 இல் திறந்த இஸ்லாமிய விஞ்ஞான, தொழில்நுட்ப வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. 1960 இராணுவப் புரட்சிக்குப் பின் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, ஜெர்மனிக்குப் போய் வாழ்நாள் முழுவதும் ஆய்வு செய்த புவாத் செஸ்கின் உண்டாக்கியது. அல்-ஜஸரியின் யானைக் கடிகாரம், ஸஹ்ராவியின் சத்திரசிகிச்சைக் கருவிகள், கலீபா மஃமூன் காலத்து உலகப் படத்தின் கோளம் எல்லாம் மாதிரிகளாக அங்கே நிற்கின்றன. இந்தப் பெயர்களைப் பலகையில் எழுதி, பாடமாக்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவன் நான். அதன் மதிலைத் தொட்டுக்கொண்டு போயிருக்கிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல். ஊருக்கு வந்து வாசித்த பிறகுதான் தெரிந்தது. ஏஜன்சிக்காரரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

“சேர், எங்களுக்கு வசதி இல்லை, மலிவைத்தான் பார்க்க வேண்டும்” என்பீர்கள். வசதி இல்லாதவர்தான் அதிகம் கேட்க வேண்டும். பணக்காரர் அடுத்த வருடமும் போவார். என் உம்மா போக மாட்டார்.

“ஊர் சுற்றுவது இபாதத்தா?” என்று கேட்பவர்களுக்கும் ஒன்று. பூமியில் பயணித்து முன்னே போனவர்களைப் பார்த்துப் படிப்பினை பெறச் சொல்லும் குர்ஆன், கண்ணைத் திறந்து பார்க்கத்தான் சொல்கிறது. படிப்பினை இல்லாமல் இனிப்புப் பெட்டியோடு திரும்பி வருவதுதான் வீண்விரயம்.

ஆகவே முற்பணம் கட்ட முன் இவற்றைக் கேளுங்கள். எந்த விமான நிலையம், எத்தனை மணிக்கு? ஹோட்டல் கடலுக்கு எந்தப் பக்கம்? எந்த இடம் எந்தக் கிழமை, அன்று அது திறந்திருக்குமா? கட்டணம் யார் கட்டுவது? கடைகளுக்கு எத்தனை மணித்தியாலம்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். நல்ல ஏஜன்சிக்காரர் சந்தோசமாகத் தருவார். முகம் சுளிப்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

உம்மா இன்னும் குறை சொல்லவில்லை. “போனதே பெரிய விசயம் மகன், அல்ஹம்துலில்லாஹ்” என்கிறார். அவர் பொறுமைக்குக் கூலி உண்டு. நான் கேட்காமல் விட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

வஸ்ஸலாம்.