பிடிக்கும் முன் பேசக் கற்ற பணியாளர் வேண்டும்

2001 ஆகஸ்டு 6ஆம் தேதி, தமிழகத்தின் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 நோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டனர்.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அறவே தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் நோயாளியைக் கட்டுப்படுத்தலாம். மலேசியாவின் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் ஏட்டில் இருக்கிறது. நோயாளி ஆவேசப்படும் நிமிடத்தில் அருகில் நிற்பவர் பணியாளர்தான். அவருக்கு எந்தப் பயிற்சி தரப்படுகிறது என்பதே கேள்வி.

மடக்கிப் பிடிக்கும் முறைகளை மட்டும் கற்றுத் தரும் பயிற்சி மலிவாக இருக்கலாம், ஆனால் ஆபத்தானது. ஒருவரைக் குப்புறத் தள்ளி முதுகில் அழுத்தினால் மூச்சுத் திணறி உயிரே போகலாம். நல்ல பயிற்சி பெரும்பகுதி நேரத்தைப் பதற்றத்தின் அறிகுறிகளை அறியவும், குரலைத் தணிக்கவும், விலகி நின்று இடம் கொடுக்கவும் செலவிடும். தமிழ் மட்டுமே அறிந்த தோட்டத்து முதியவரிடம் தமிழில் பேச ஆள் இருந்தாலே பல மோதல்கள் தொடங்காது.

சுவா, போர்ட்டிக்சன் வட்டாரக் குடும்பங்கள் உறவினரை இல்லத்தில் சேர்க்குமுன் மூன்று கேள்விகள் கேட்கலாம்: பணியாளர் என்ன பயிற்சி பெற்றனர்? அது மீண்டும் புதுப்பிக்கப்படுகிறதா? ஒருவரைப் பிடிக்க நேர்ந்தால் பதிவேட்டில் எழுதி, குடும்பத்திற்குத் தெரிவிக்கிறார்களா?

கட்டணத்தை விசாரிக்கும் அதே அக்கறையோடு இவற்றையும் விசாரிக்க வேண்டும்.