பெயர்த்து வந்த வீடுகளும் பெயரற்ற குடிசைகளும்

தாம்பரத்திலிருந்து வண்டலூர் போய், கேளம்பாக்கம் சாலையைப் பிடித்து, கோவளத்தில் கடலைக் கண்டு வடக்கே திரும்பினால் முட்டுக்காடு. அங்கே தட்சிணசித்ரா என்றோர் ஊர். ஊர்தான், ஆனால் அங்கே பிறந்தவர் எவருமில்லை! பெயர் வடமொழி, உள்ளே இருப்பதோ தென்னாட்டு உழைப்பு.

1996-ல் திறந்தார்கள். இடிபடவிருந்த பழைய வீடுகளைத் தூண் தூணாக, உத்திரம் உத்திரமாகக் கழற்றிக் கொணர்ந்து மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் இல்லம் நிற்கிறது. அக்கிரகாரத்து வீடு நிற்கிறது. கேரளத்துச் சிரியன் கிறித்துவர் வீடும் நிற்கிறது. சிக்கன வீடுகளுக்குப் பெயர்பெற்ற லாரி பேக்கரின் கைவண்ணமும் அங்கே உண்டு. கண்டோம், களித்தோம், பாராட்டுகிறோம். குறை கூறவா போனோம்? இல்லை. ஆனால் கேள்வி ஒன்று நம்மோடு திரும்பி வந்தது.

தேக்கு நின்றது, ஆகவே தேக்கு வீடு வந்தது. நாற்று நட்டவளின் ஓலைக் குடிசையை எங்கிருந்து கழற்றிக் கொண்டுவருவது? அது மழைக்கு மட்கி, கறையானுக்கு இரையாகி, மண்ணோடு மண்ணாயிற்றே! மரமிருந்தவனுக்கு வரலாறு, ஓலையிருந்தவனுக்கு ஒன்றுமில்லையா?

முடியாத காரியம் என்பார்கள் சிலர். டென்மார்க்கில் வைக்கிங்குகளின் வீடுகளும் மரம்தான், மட்கித்தான் போயின. ட்ரெல்லபோர்க்கில் எஞ்சியவை கம்பம் நட்ட குழிகளின் தடங்கள் மட்டுமே. அந்தக் குழிகளை வைத்தே 1942-ல் ஒரு நெடுவீட்டை எழுப்பினார்கள். வெளிக்கம்பங்களைத் தாழ்வாரத் தூண்களென எண்ணியது பிழை, அவை சுவரைத் தாங்கிய சாய்வு முட்டுகள் எனப் பின்வந்த அறிஞர்கள் கருதினர். இருந்தாலென்ன? கட்டியதால்தானே பிழையும் தெரிந்தது!

நம் பக்கத்துப் பல்லாவரத்தைப் பாருங்கள். 1863-ல் இராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த மண் அது. பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து வந்தவர்கள் இறந்தோரைச் சுடுமண் ஈமப்பேழையில் இட்டுப் புதைத்ததும் அங்கேதான். புதைத்தவர் இருந்தனரென்றால், குடியிருந்தவரும் இருந்தனரன்றோ?

அந்த ஊருக்கு டில்லி தந்த பரிசு என்ன? தடை! 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்டவேண்டும். பாதுகாப்பு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சுவரில் விரிசல் கண்டு அதைப் பழுதுபார்க்கவும் அனுமதிக்காக அலைகிற ஏழைக்கு, எதற்காக அலைகிறோம் என்று எவராவது எடுத்துக் காட்டினார்களா? தொல்பொருள் இருக்குமிடத்தில் பலகை; பலகையில் மிரட்டல்!

2023-ல் கீழடிக்கு அருங்காட்சியகம் கண்டது தமிழக அரசு. பல்லாவரத்துக்குப் பெரிய மாளிகை கேட்கவில்லை நாம். கைக்கோடரியின் வார்ப்பு ஒன்று, ஈமப்பேழையின் படி ஒன்று, பக்கத்தில் மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட ஒரு குடிசை. கூரை வேயும் கைகள் மாம்பாக்கத்துப் பக்கம் இன்னும் இருக்கின்றன. ஏரிகள் மனைகளாகி, அந்தக் கைகள் வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கூலி கொடுத்து அவர்களைக் கூப்பிடட்டும், இந்தக் கோடைக்குள்ளேயே.