385 என்ற எண்ணும் வெளுத்த பவளமும்

சென்ற குளிர்காலத்தில் மூன்று மாதம் பிரான்சில் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்ததைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன். அங்கே நடந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதாமல் விட்டேன். மாப்பிள்ளை வருத்தப்படுவாரோ என்ற தயக்கம்தான். போன வாரம் போனில் பேசும்போது அவரே, "எழுதுங்க மாமா, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே எழுதுகிறேன், கொஞ்சம் காரமாகவே.

மகள் வீட்டுக் கூடத்தில் நானூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே உப்புநீர், பாறை, நாலைந்து மீன்கள், அவற்றோடு உயிருள்ள பவளங்கள். அங்கே இதற்கென்று தொட்டியிலேயே வளர்த்து, துண்டு துண்டாக வெட்டி விற்கிறார்கள். நம் ஊரில் யாரும் ஆசைப்பட வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளப்பாறை கட்டும் பவளங்களைச் சேர்த்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. வாங்குவதும் குற்றம், விற்பதும் குற்றம்.

தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சிறிய மீட்டர். அதில் இரவும் பகலும் சிவப்பு எண் ஒன்று எரிந்துகொண்டிருக்கும்: 385. மாப்பிள்ளை காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். அதன் பெயர் ரெடாக்ஸ். ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்ற இரண்டையும் சேர்த்த சுருக்கம். அலகு மில்லிவோல்ட். 300க்கும் 450க்கும் நடுவில் இருந்தால் தண்ணீர் சுத்தம், குறைந்தால் அழுக்கு என்பது அந்தப் பொழுதுபோக்குக்காரர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடுதான் எனக்குச் சண்டை.

நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். ரசாயன வகுப்பில் லவுவாசியேவில் ஆரம்பித்து ஆக்சிஜனேற்றத்தை மனப்பாடம் செய்தவன். எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம். ஐம்பத்தைந்து வருடங்கள் கழித்தும் அது மறக்கவில்லை. தொட்டித் தண்ணீரில் எலக்ட்ரானைப் பிடுங்கும் பொருள்களும் இருக்கின்றன, கொடுக்கும் பொருள்களும் இருக்கின்றன. மீட்டரின் பிளாட்டினம் முனையில் அந்த இழுபறியின் மொத்த விளைவு ஒரே எண்ணாகப் பதிவாகிறது. எந்தப் பொருள், எவ்வளவு என்று அது சொல்லாது. சந்தைக்கு நடுவில் நின்று இரைச்சலை அளந்தால், கத்தரிக்காய் என்ன விலை என்று தெரியுமா?

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. தண்ணீரின் பி.எச். ஏறினால் இந்த எண் இறங்கும். ஒரு அலகு ஏறினால் ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் இறங்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பகலில் விளக்கு எரியும்போது பாசியும் பவளத்துக்குள் இருக்கும் நுண்பாசியும் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் பி.எச். ஏறும். எனவே, தண்ணீரில் பிராணவாயு நிறைந்திருக்கும் நடுப்பகலில் பல தொட்டிகளில் ரெடாக்ஸ் எண் இறங்கும், இருட்டில் ஏறும். எண்ணை மட்டும் நம்புகிறவன், ராத்திரியில் தண்ணீர் சுத்தமாகிறது, பகலில் அழுக்காகிறது என்றல்லவா முடிவுகட்டுவான்?

அந்த முனையின் சங்கதி இன்னொன்று. தண்ணீருக்குள்ளேயே கிடப்பதால் அதன்மேல் வழவழப்பாகப் படலம் படியும். துடைத்துத் திரும்பப் போட்டால் பழைய நிலைக்கு வர மணிக்கணக்கு ஆகும், சில சமயம் நாள்கணக்கும் ஆகும். ஒரே தொட்டியில் இரண்டு முனைகளைப் போட்டால் ஒன்று 350 என்னும், இன்னொன்று 390 என்னும். இப்படிப்பட்ட சாட்சியை எந்தக் கோர்ட்டும் ஏற்காது.

இனி நடந்த கதைக்கு வருகிறேன். குளிரில் வெளியே போக முடியாது. காப்பியை வைத்துக்கொண்டு காலை முழுக்கத் தொட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். பிப்ரவரியில் ஒரு நாள், கிளை கிளையாக வளரும் பவளம் ஒன்றின் அடிப்பாகம் சுண்ணாம்புபோல வெளுத்திருப்பதைப் பார்த்தேன். மறுநாள் அந்த வெள்ளை ஒரு விரற்கடை மேலே ஏறியிருந்தது. மீட்டரில் 385. சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். மருமகன் வீட்டில் விருந்தாளியாக இருக்கும் மாமனார் எதற்கெல்லாம் வாய் திறக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மூன்றாம் நாள் மெதுவாகச் சொன்னேன். அவர் மீட்டரைப் பார்த்தார். "ரெடாக்ஸ் நல்லாத்தான் இருக்கு மாமா, வெளிச்சம் பத்தாம இருக்கும்" என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன். அது என் தப்பு.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னும் இரண்டு பவளங்கள் அடியிலிருந்து தோலுரிந்தன. அப்புறம்தான் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த சோதனைக் குப்பியை எடுத்தார். சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும்வரை எண்ணும் சோதனை. அளந்தது காரத்தன்மையை, அதாவது பவளம் தன் எலும்பைக் கட்டிக்கொள்ளத் தேவையான கார்பனேட் சரக்கின் இருப்பை. இயற்கைக் கடலில் அது ஜெர்மன் டிகிரிக் கணக்கில் ஏழு சுமார் இருக்கும். மாப்பிள்ளை வழக்கமாக எட்டில் வைத்திருப்பார். அன்றைக்கு இருந்தது நாலரை. தினமும் கரைசலைச் சொட்டவிடும் சின்னப் பம்பின் குழாய் உப்புக் கட்டி அடைத்துப் போயிருந்தது. அவர் கடைசியாக அந்தச் சோதனையைச் செய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஏன் செய்யவில்லை? ரெடாக்ஸ் நன்றாக இருந்ததால்!

நான் சொல்ல வருவது இதைத்தான். பயனில்லாத எண் சும்மா கிடந்தால் நஷ்டமில்லை. அது பயனுள்ள எண்ணின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்போதுதான் ஆபத்து.

மாப்பிள்ளையின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. "பாறைக்குப் பின்னாடி ஒரு மீன் செத்து அழுகினா எண் சடசடன்னு இறங்கும் மாமா, அது எச்சரிக்கை மணி இல்லையா?" என்று கேட்டார். உண்மை, இறங்கும். ஆனால் தீனி போட்டாலும் இறங்குகிறது, கையை உள்ளே விட்டாலும் இறங்குகிறது, விளக்கு எரிந்தாலும் இறங்குகிறது. வருகிற போகிறவனுக்கெல்லாம் குரைக்கும் நாய் திருடனைப் பார்த்துக் குரைத்தால் யார் எழுந்திருப்பார்கள்? அஞ்சு மீன் இருக்கிற தொட்டியில் தீனி நேரத்தில் ஒன்று வரவில்லையென்றால் அதைவிடப் பெரிய மணி எது?

ஒரே ஒரு இடத்தில் நான் தோற்றேன் என்று ஒத்துக்கொள்கிறேன். தண்ணீரைத் தெளிவாக்க ஓசோன் விடுகிறவர்களுக்கு இந்த மீட்டர் அவசியம். ஓசோன் அளவு மீறினால் கடல்நீரில் இருக்கும் புரோமைடோடு சேர்ந்து நஞ்சாகிவிடும். எண் ஓர் எல்லையைத் தாண்டினால் ஓசோன் கருவி தானாக நிற்கும்படி வைத்துக்கொள்ள இந்த முனை வேண்டும். அங்கேகூட முனையைத் துடைத்து, தெரிந்த அளவுள்ள கரைசலில் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் ஓசோன் கிடையாது. பிறகு எதற்கு?

நம் வயதுக்காரர்கள் வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கிறது. எண் ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று நமக்குத் தெரியும்: சோற்றைக் குறை, டாக்டரைப் பார். ரெடாக்ஸ் 385லிருந்து 340 ஆனால் என்ன செய்வது? "பார்த்துக்கொண்டிருப்போம்" என்பதுதான் அவர்களுடைய பதில். கூட்டுவதற்காகவே எதையாவது ஊற்றுகிறவர்களும் உண்டு. அது காய்ச்சல் குறையத் தெர்மாமீட்டரை ஐஸில் வைக்கிற வேலை.

நான் யு.டி.சி.யாக இருந்தபோது மாதாமாதம் ஓர் அறிக்கை அனுப்புவோம். அதில் பதினான்கு கலங்கள். பதினொன்றாவது கலத்தை நிரப்ப மட்டும் இரண்டு நாள் பழைய கோப்புகளைப் புரட்ட வேண்டும். ஒன்பது வருடம் ஒழுங்காக நிரப்பினேன். ஒரு மாதம் உடம்பு சரியில்லாமல் அதைக் காலியாக விட்டு அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதமும் கேட்கவில்லை. அந்த இரண்டு நாளில் ஏதாவது ஒரு விதவையின் பென்ஷன் கோப்பை நகர்த்தியிருக்கலாமே என்று இன்றைக்கும் உறுத்துகிறது.

பவளம் வளர்க்கிறவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வெப்பநிலை, உப்பின் அளவு, காரத்தன்மை, கால்சியம், நைட்ரேட், பாஸ்பேட் — இவற்றை அளந்து எழுதி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தால் இது, கூடினால் இது என்று செய்ய வேலை இருக்கிறது. மிச்ச நேரத்தில் தொட்டிக்கு எதிரில் உட்காருங்கள். மீட்டருக்கு எதிரில் அல்ல.

மாப்பிள்ளை காரத்தன்மையை ஒரே நாளில் ஏற்றாமல், நாளுக்கு ஒரு டிகிரிக்கு மேல் போகாமல் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். இரண்டு பவளங்கள் தப்பின. முதலில் வெளுத்தது போய்விட்டது. உயிரோடு இருந்த அதன் நுனியை மட்டும் வெட்டி, ஒரு கல்லில் ஒட்டிவைத்தார். போன வாரம் படம் அனுப்பியிருந்தார். சுண்டுவிரல் நகம் அளவுக்குப் புதுக் கிளை விட்டிருக்கிறது.

அதே படத்தின் ஓரத்தில் சிவப்பு எண்ணும் தெரிகிறது: 362. கழற்ற மனம் வரவில்லையாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சோதனையை இப்போது விடுவதில்லை என்று மகள் சொன்னாள். எனக்கு அது போதும்.