கடுகண்ணாவையில் தொடங்கும் இணைப்புப் பயணம்

2024 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், நள்ளிரவு கடந்த வேளையில் என் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் தெல்தோட்டையில் வசிக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா. மகளின் பிரசவத்துக்காக ரொறன்ரோவுக்குப் புறப்பட்டவர். அவர் அழைத்த இடமோ வளைகுடா நகரமொன்றின் மாபெரும் விமான நிலையம்.

"தம்பி, பிளேன் போயிருச்சுன்னு சொல்றாங்க. பெட்டியும் இல்ல. நான் இப்ப எங்க போறது?"

அரை நூற்றாண்டுக் காலம் செய்திகளுடன் வாழ்ந்தவனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. விடியும் வரை பலரிடம் விசாரித்த பின்னரே நடந்தது என்னவென்று விளங்கிற்று.

அக்காவுக்குப் பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்த முகவர், செலவைக் குறைப்பதற்காக இரு வேறு நிறுவனங்களின் இரு வேறு சீட்டுகளைப் பதிவு செய்திருந்தார். கொழும்பிலிருந்து வளைகுடா வரை ஒன்று. அங்கிருந்து ரொறன்ரோவுக்கு மற்றொன்று. இரண்டுக்கும் இடையே 2 மணி 20 நிமிடம். தாளில் பார்த்தால் தாராளமான அவகாசம். ஆனால் முதல் விமானம் 70 நிமிடம் தாமதித்தது. அவர் இரண்டாவது நிறுவனத்தின் மேசையைத் தேடிக் கண்டுபிடித்தபோது பதிவு முடிந்துவிட்டது. முதல் நிறுவனத்திடம் கேட்டால், "உங்கள் சீட்டில் எழுதிய ஊருக்கு உங்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்" என்றார்கள். இரண்டாவது நிறுவனமோ, "நீங்கள் உரிய நேரத்துக்கு வரவில்லை" என்றது. இரண்டுமே உண்மை. பெட்டி அந்த நகரம் வரைக்குமே பதிவாகியிருந்ததால், அதை எடுக்கக் குடிவரவைக் கடந்து வெளியே செல்ல வேண்டும்; அதற்கு விசா வேண்டும்; அக்காவிடம் கனடா விசா மாத்திரமே இருந்தது. இறுதியில் மருமகன் புதிய சீட்டு வாங்கி அவரை அழைத்துக்கொண்டார். கித்துள் கருப்பட்டியும் குழந்தைச் சட்டைகளும் இருந்த பெட்டி, குழந்தை பிறந்த பின்னரே போய்ச் சேர்ந்தது.

மிச்சம் பிடித்த பணத்தைப் போல் மூன்று மடங்கு செலவாயிற்று என்பதைச் சொல்லித்தானாக வேண்டும்.

இந்த அனுபவத்திலிருந்து நான் அறிந்துகொண்டது ஒன்றே. இணைப்பு விமானம் என்பது நேரக் கணக்கு என்று நாம் நினைக்கின்றோம். உண்மையில் அது ஒரு பொறுப்புக் கணக்கு. முதல் விமானம் தாமதித்தால் அடுத்த விமானத்துக்கு நம்மைக் கொண்டு சேர்க்கும் கடமை யாருடையது என்பதே பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரே பதிவு இலக்கத்தின் கீழ் முழுப் பயணத்துக்கும் சீட்டு வாங்கியிருந்தால், கடைசி ஊர் வரை நம்மைக் கொண்டு சேர்க்கும் கடமை விமான நிறுவனத்தைச் சார்ந்தது. ஒவ்வொரு பெரிய நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. பல நிலையங்களில் அது ஒரு மணி நேரத்தைச் சுற்றியே இருக்கும். அதற்குக் குறைவான இடைவெளியில் ஒரே சீட்டைப் பதிவு செய்யக் கணினியே இடம் தராது. முதல் விமானம் தாமதித்து இணைப்புத் தவறினால் அடுத்த விமானத்தில் இடம் தேடித் தருவது நிறுவனத்தின் வேலை. பெட்டியும் பெரும்பாலும் கடைசி ஊர் வரை பதிவாகும். இரண்டு சீட்டுகளாக வாங்கினால் இந்தக் கடமைகள் அனைத்தும் ஓசையின்றிப் பயணியின் தலைமேல் இறங்கிவிடுகின்றன.

இதில் புதிதாக எதுவும் இல்லை. நம் மூத்தோர் இதை நன்கறிவர். 1914 இல் தொடங்கிய 'போட் மெயில்' சேவையை நினைத்துப் பாருங்கள். சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மீண்டும் கொழும்புக்கு ரயில். கப்பலின் நேரத்துக்கு ஏற்பவே ரயிலின் நேரம் அமைந்திருந்தது. கண்டிக்கு வருவோர் பொல்கஹவெல சந்தியில் இறங்கி மலைநாட்டுப் பாதை ரயிலுக்கு மாறுவர். அதுவும் ஓர் இணைப்புப் பயணமே. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்தப் பாதை முடிவுக்கு வந்தது. தோட்டத் தொழிலாளரின் பயணச் செலவு அவர்களது பெயரில் கடனாக எழுதப்பட்ட கசப்பான வரலாறும் அந்தக் கடற்பாதைக்கு உண்டு. அதை நான் மறக்கவில்லை. ஆயினும் இரு நாடுகளையும் ஒரு கடலையும் கடக்கும் பயணத்தை ஒரே சீட்டில் அடக்கிய காலம் ஒன்று இருந்தது என்பதைப் பதிவு செய்தல் தகும்.

கண்டியிலிருந்து புறப்படும் பயணிக்கு இன்னுமோர் இணைப்பு உண்டு. அது எந்தச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை. வீட்டு வாசலிலிருந்து கட்டுநாயக்கா வரையிலான ஏறத்தாழ 100 கிலோமீற்றர்தான் அது. வரைபடத்தில் இரண்டு மணி நேரப் பயணம்போல் தோன்றும். கடுகண்ணாவைக் கணவாயின் வளைவுகளையும் மாவனல்லை, கேகாலை, நிட்டம்புவை நகரங்களின் நெரிசலையும் கடந்து சென்றவர்கள் மூன்று மணிக்குக் குறைத்துக் கணக்கிட மாட்டார்கள், நான்கும் ஆகலாம். ஆகஸ்டில் பெரஹரா நாட்களில் கண்டி நகரை விட்டு வெளியேறுவதே ஒரு காரியம். நேரடிப் புகையிரதமும் இல்லை. ராகமையில் இறங்கிப் புத்தளம் பாதைக்கு மாற வேண்டும். பெட்டிகளோடு செல்லும் குடும்பம் அதைக் கனவிலும் நினையாது. மத்திய அதிவேகப் பாதையின் மீரிகம - குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனால் அந்தப் பாதை கண்டியை எட்டவில்லை.

2025 நவம்பரில் கீழ்க் கடுகண்ணாவையில் மண்மேடு சரிந்து உயிர்கள் பலியாகிக் கண்டி வீதி மூடப்பட்டது. சில நாட்களில் 'டித்வா' புயல் வந்தது. கண்டி மாவட்டம் அடைந்த அழிவை யாவரும் அறிவர். உயிரையும் வீட்டையும் இழந்தோரின் துயரத்தின் முன் விமானத்தைத் தவறவிட்டவரின் கதை சிறியதுதான். எனினும் அந்த நாட்கள் ஒரு பாடத்தைக் கற்பித்தன: மலையகத்தின் வீதி எப்பொழுதும் திறந்திருக்கும் என்று எவரும் உறுதி தருவதில்லை. வீதி மூடப்பட்டதால் தவறிய விமானத்துக்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. ஆகவே மழைக்காலத்தில் கண்டியிலிருந்து புறப்படுவோர் முதல் நாளே கிளம்பி நீர்கொழும்பிலோ கட்டுநாயக்காவிலோ ஓர் இரவு தங்கிக்கொள்வது ஆடம்பரம் ஆகாது. ஓர் அறையின் வாடகை, புதிய விமானச் சீட்டின் விலையில் மிகச் சிறிய பங்கே.

இனி, மறுமுனையில் இருக்கும் நிலையங்களைப் பார்ப்போம். டோஹாவின் ஹமாத் நிலையத்தில் நடுவே அமர்ந்திருக்கும் பெரிய மஞ்சள் கரடியை நம்மவர்கள் பலர் அறிவர். வழி தவறினால் அதுவே அடையாளம். துபாயின் மூன்றாம் முனையத்திலோ கதவுகள் தனித்தனிக் கட்டடங்களில் இருப்பதால், சில வேளைகளில் உள்ளேயே ரயிலேற வேண்டும். இறங்கியவுடன் மீண்டும் பாதுகாப்புப் பரிசோதனை. விமானத்தின் கதவு, புறப்படும் நேரத்துக்கு வழக்கமாக 15 முதல் 20 நிமிடங்களுக்கு முன்னரே மூடப்படும். சீட்டில் இருக்கும் நேரம் விமானம் நகரும் நேரம். நாம் நிற்க வேண்டிய நேரம் அதற்கு வெகு முன்னர். ஆங்கிலமும் அரபும் எழுதிய பலகைகளின் கீழே, முதன்முறை பயணம் செய்யும் ஒரு தோட்டத்துப் பெண் இவற்றையெல்லாம் அரை மணி நேரத்தில் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கின்றோம்.

ஐரோப்பா வழியாகச் செல்வோருக்கு வேறொரு பொறி இருக்கின்றது. ஷெங்கன் நாடுகளின் விமான நிலையமொன்றில் வெளியே செல்லாமல் விமானம் மாறுவதற்குக்கூட விசா தேவைப்படும் 12 நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கையும் உள்ளது. அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளின் செல்லுபடியான விசாவோ வதிவிட உரிமையோ உள்ளவர்களுக்கு விலக்குண்டு. மற்றவர்கள் பிராங்போர்ட் வழியாக மலிவான சீட்டு கிடைக்கிறதே என்று வாங்கினால், கட்டுநாயக்காவிலேயே திருப்பி அனுப்பப்படலாம். பக்கத்து இருக்கையில் கனடியக் கடவுச்சீட்டுடன் செல்லும் அண்ணனுக்கு இந்தத் தொல்லை இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டுள்ள தம்பிக்கு உண்டு. ஒரே குடும்பத்துக்குச் சேர்த்துச் சீட்டு வாங்கும்போது இதைக் கவனிக்காமல் விட்டவர்கள் பலர்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரிலிருந்து பெற்றோரை அழைக்கும்போது பெரும்பாலும் சீட்டு வாங்குவது நீங்கள்தான். உங்களிடம் உள்ள உரிமைகள் அவர்களிடம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 ஆம் ஆண்டு 261 ஆம் இலக்க ஒழுங்குவிதியும் அதன்மேல் எழுந்த நீதிமன்றத் தீர்ப்புகளும், பாரிஸிலிருந்து ஒரே பதிவில் புறப்பட்டு இடையில் இணைப்புத் தவறி, கொழும்புக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து சேர்பவருக்கு 600 யூரோ வரை இழப்பீடு கோர இடமளித்தன; தவிர்க்க முடியாத அசாதாரணக் காரணம் இருந்தால் கிடைக்காது. கொழும்பிலிருந்து வளைகுடா நிறுவனமொன்றில் பாரிஸுக்குச் செல்பவருக்கோ அந்த விதி பொருந்தாது. ஒரே வானம், ஒரே ஆசனம். திசை மாறினால் உரிமையும் மாறுகின்றது. இவ்விதியைத் திருத்தும் முயற்சிகள் நடந்து வந்துள்ளமையால், பயணத்துக்கு முன் நடப்பு நிலையைப் பார்த்துக்கொள்வது நல்லது. கனடாவின் 2019 ஆம் ஆண்டு விதிகள் அந்த நாட்டுக்கு வரும் விமானங்களையும் உள்ளடக்குகின்றன. அவ்வளவில் ரொறன்ரோவுக்கு ஒரே சீட்டில் செல்பவர் ஓரளவு காக்கப்பட்டவர். 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கையும் இணைந்துள்ளது. தாமதத்தால் ஏற்படும் நட்டத்துக்கு அது நிறுவனத்தைப் பொறுப்பாக்குகின்றது. ஆனால் தடுக்க இயன்றவை யாவற்றையும் செய்ததாக நிறுவனம் காட்டினால் அதற்கு விடுதலை. தெல்தோட்டையிலிருந்து ஒருவர் அதை நிலைநாட்டப் புறப்படுவது எத்துணை கடினம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு சீட்டு வாங்குவதே தவறு என்று நான் வாதிடவில்லை. பணம் இல்லாதவருக்கு மலிவு ஒரு தேவை. இளைஞர் ஒருவர் கைப்பையோடு, இடையில் ஒரு முழு இரவை விட்டு, உரிய விசாவுடன் சென்றால் அது கெட்டித்தனம்தான். அறிந்து ஏற்கும் ஆபத்து வேறு; அறியாதவர் தலையில் கட்டப்படும் ஆபத்து வேறு. என் அக்காவிடம் அவர் இரண்டு சீட்டுகளில் பயணம் செய்கின்றார் என்பதை எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வளையலை அடகு வைத்தேனும் ஒரே சீட்டை வாங்கியிருப்பார்.

எனவே கேட்பது பெரிதல்ல. சீட்டு விற்கும் முகவர் ஒவ்வொருவரும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டுத்தாளில் மூன்று விடயங்களை எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும்: இது ஒரு சீட்டா, இரண்டா? பெட்டியை எந்த ஊரில் எடுக்க வேண்டும்? இடையில் விசா தேவையா? இதை விதியாக்குவதற்குக் கோடிக்கணக்கான ரூபா வேண்டியதில்லை. வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் புறப்படுமுன் பயிற்சி அளிக்கின்றது. துணி துவைக்கும் இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொள்ளும் அந்தப் பெண், விமானம் மாறுவதையும் மாதிரிப் பலகைகளைக் கொண்டு ஒருமுறை நடந்து பழகட்டும்.

2024 ஏப்ரலில் துபாயில் பெருமழை கொட்டியது. 2025 ஜூனில் கட்டார் தன் வான்பரப்பைச் சில மணி நேரம் மூடியது. அந்த நாட்களில் உலகெங்கும் இணைப்புகள் அறுந்தன. எந்தத் திட்டமிடலும் அவற்றைத் தடுத்திராது. ஆனால் அத்தகைய இரவில் ஒரு மேசையின் முன் சென்று "என்னை அனுப்பி வையுங்கள்" என்று உரிமையுடன் கேட்க முடிவதும், எந்த மேசைக்கும் உரியவராக இல்லாமல் நாற்காலியில் அமர்ந்திருப்பதும் ஒன்றல்ல.

ஆறு மாதங்களின் பின்னர் அக்கா திரும்பி வந்தார். ஒரே சீட்டு, மகளே வாங்கியது. வளைகுடாவில் இறங்கியபோது மீண்டும் தாமதம். கதவருகே அவரது பெயரெழுதிய தாளோடு ஒரு பணியாளர் நின்றிருந்தார். "கூட்டிட்டுப் போய் ஏத்தி விட்டாங்க தம்பி, அவ்வளவுதான்" என்றார் அக்கா.

அவ்வளவுதான். அந்தத் தாளுக்கு உரியவர் ஆவதற்கான வழியைச் சீட்டு வாங்கும் நாளிலேயே நம்மவருக்குச் சொல்லிக் கொடுப்போம்.